சாவி பெட்டிக்குள்ளே இருக்கிறது

உங்கள் கீபோர்டின் மேல் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். எஃப்-1 முதல் எஃப்-12 வரை பன்னிரண்டு பொத்தான்கள். எஃப்-1 உதவிக்கு. எஃப்-5 பக்கத்தைப் புதுப்பிக்க. எஃப்-2 எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் எஃப்-6 என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது எதற்கு என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பத்தாவது ஆள் பெருமூச்சு விட்டால், அவர் 2005-க்கும் 2010-க்கும் நடுவே ஒரு புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவ முயற்சி செய்தவர் என்று அர்த்தம்.

எக்ஸ்பி சிடியைப் போட்டு கம்ப்யூட்டரை எழுப்பினால் முதலில் ஒரு நீலத்திரை வரும். பயப்பட வேண்டாம், இது நல்ல நீலம். கெட்ட நீலம் பின்னால் வருகிறது. இந்த நல்ல நீலத்தின் அடியில், சில விநாடிகள் மட்டும் ஒரு வரி தோன்றி மறையும். 'வேறு நிறுவனத்தின் ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் நிறுவ வேண்டுமானால் எஃப்-6 அழுத்தவும்.' அவ்வளவுதான். கண் சிமிட்டினால் போச்சு.

சரி, அழுத்திவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சற்று நேரம் கழித்து எக்ஸ்பி மரியாதையாக ஒரு கோரிக்கை வைக்கும். டிரைவர் உள்ள ஃப்ளாப்பியை 'ஏ' டிரைவில் செருகுங்கள்.

சிடியில் இருக்கிறதே என்றால், ம்ஹும். பென் டிரைவில் வைத்திருக்கிறேனே என்றால், ம்ஹும். ஃப்ளாப்பி. அது மட்டும்தான். ஆனால், 2008-ல் வாங்கிய லேப்டாப்பில் ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? அந்த ஓட்டையே அதில் கிடையாது.

இப்படி ஒரு சிக்கல் எப்படி உருவானது? உலகத்திலேயே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி எழுதிய சிஸ்டத்துக்கு, கண்ணெதிரே இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஏன் தெரியாமல் போனது? இந்தக் கதைக்கு 1981-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம்.

*

டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் இல்லை. இங்கே அவருக்கு வேறு உத்தியோகம். புதுச்சேரியில் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கம் பிள்ளை இருந்தாரே, துபாஷி? அந்த உத்தியோகம். துரைக்கு உள்ளூர் பாஷை தெரியாது. உள்ளூர்க்காரர்களுக்குத் துரையின் பாஷை தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர்.

ஆபரேட்டிங் சிஸ்டம்தான் துரை. பிரின்டர், சவுண்ட் கார்டு, கேமரா என்று உடம்பில் தொங்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பாஷை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி. அந்தத் துபாஷி ஒரு சின்ன ஃபைல்தான். பெரும்பாலும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில், துரையின் பக்கத்திலேயே குடியிருப்பார்.

பிரின்டரின் டிரைவர் இல்லையென்றால் என்ன ஆகும்? அச்சாகாது. நாளைக்குத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சவுண்ட் கார்டுக்கு இல்லையென்றால்? பாட்டு கேட்காது. குடி முழுகாது.

ஹார்ட் டிஸ்க்குக்கு டிரைவர் இல்லையென்றால்?

இங்கேதான் முடிச்சு. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறக்க வேண்டிய சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட கதை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். மற்ற டிரைவர்கள் எல்லாம் தாமதமாக வரலாம். இவர் மட்டும் முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் இருந்தாக வேண்டும்.

எத்தனை சிஸ்டங்கள் வந்தாலும், எத்தனை பேர் மாறினாலும், இந்தத் துறையின் நாற்பது வருடத் தலைவலி இந்த ஒரு வரிதான்.

*

1981 ஆகஸ்ட் மாதம் ஐபிஎம் தன் முதல் பிசியை அறிமுகப்படுத்தியபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஃப்ளாப்பிதான். அதுவும் தனியாகக் காசு கொடுத்தால். கேசட் டேப்பில்கூடச் சேமிக்கலாம் என்று பின்பக்கம் ஒரு துளை வைத்திருந்தார்கள். ஆகவே, அந்த மெஷினின் மூளைக்கு ஹார்ட் டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது.

1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது. 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். சிரிக்காதீர்கள். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் மூன்று நான்கு போட்டோக்களில் நிரம்பிவிடும். அன்றைக்கு அது சமுத்திரம்.

பிசிக்கு ஹார்ட் டிஸ்க் தெரியாதே, எப்படிச் சமாளித்தார்கள்? ரொம்ப எளிமையாக. ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் அட்டையிலேயே ஒரு சிப்பைப் பதித்து, டிஸ்க்கைப் படிக்கும் வித்தையை அதற்குள் எழுதி அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போது அந்த அட்டை எழுந்து, 'ஐயா, டிஸ்க் சமாசாரம் எதுவானாலும் என்னைக் கேளுங்கள்' என்று கைதூக்கும். பெட்டியின் வெளியே, பூட்டின் பக்கத்திலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. சாவி பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் பிரச்னையே எழவில்லை.

அடுத்த வருடம், 1984-ல் பிசி ஏடி. இதில் அந்த வித்தை தாய்ப்பலகைக்கே வந்துவிட்டது. பயாஸ் என்று சொல்கிறோமே, கம்ப்யூட்டர் எழுந்தவுடன் முதலில் வேலைக்கு வரும் அந்தச் சிப், அதிலேயே.

அந்தக் காலத்து டாஸ் சிஸ்டத்துக்கு இது சொர்க்கம். ஃபைல் வேண்டுமா? பயாஸைக் கேள். எழுத வேண்டுமா? பயாஸிடம் கொடு. டிஸ்க்கை யார் செய்தார்கள், உள்ளே எத்தனை தட்டுகள் சுற்றுகின்றன என்ற கவலை அதற்குக் கிடையாது. வாட்ச்மேன் வாசலில் இருக்கிறார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால், வாட்ச்மேனிடம் ஒரு குறை இருந்தது. அவருக்கு ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் தெரியும். அவர் உள்ளே போய் சாமான் எடுத்து வரும்வரை வீடே மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஒரு புரோகிராம் ஓடும் டாஸுக்கு அது பரவாயில்லை. பத்து புரோகிராம்களை ஒன்றாக ஓட்ட நினைக்கும் சிஸ்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

1993 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டி என்ற சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைய விண்டோஸும் அதன் வம்சம்தான். என்டி ஒரு முடிவெடுத்தது. வாட்ச்மேன் வாசல் கதவைத் திறந்துவிட்டால் போதும். அதற்கப்புறம் வீட்டு நிர்வாகம் முழுக்க என்னுடையது. டிஸ்க்கோடு நானே, என் சொந்த டிரைவரை வைத்துப் பேசிக்கொள்கிறேன்.

நியாயமான முடிவு. வேகமும் பாதுகாப்பும் அதனால்தான் வந்தன. ஆனால், ஒரு புதுத் தருணத்தையும் அது உண்டாக்கியது. ஷிஃப்ட் மாறும் தருணம்.

கம்ப்யூட்டர் எழுகிறது. பயாஸ் உதவியோடு சிஸ்டத்தின் மூளைப் பகுதியும், தொடக்கத்துக்குத் தேவையான சில டிரைவர்களும் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றன. பிறகு விண்டோஸ் பொறுப்பேற்கிறது. பயாஸ் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த நொடியிலிருந்து டிஸ்க்கைத் தொடவேண்டுமென்றால், ஏற்றப்பட்ட டிரைவர்களில் சரியான ஆள் இருந்தாக வேண்டும். இருந்தால் நீங்கள் எதையும் உணரமாட்டீர்கள். இல்லையென்றால், ஒரு நொடி முன்புவரை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த அதே டிஸ்க், திடீரென்று காணாமல் போய்விடும். பகல் வாட்ச்மேன் போய்விட்டார். ராத்திரி வாட்ச்மேன் வந்திருக்கிறார். சாவி இல்லை.

கெட்ட நீலம் என்றேனே, அது இப்போதுதான் வரும். 'ஸ்டாப் 7பி'. கூடவே 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வாசகம். எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டுமோ அதையே எட்ட முடியவில்லை என்று பொருள்.

எக்ஸ்பி சிடியைப் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். திரையின் அடியில் வரிசையாக ஏதேதோ ஃபைல் பெயர்கள் ஓடும். கடைசியில் 'விண்டோஸ் தொடங்குகிறது' என்று ஒரு வரி வரும். ஷிஃப்ட் மாறுவது அங்கேதான். துரதிர்ஷ்டசாலிகளுக்கு அடுத்து வருவது இரண்டில் ஒன்று. ஒன்று, 7பி. அல்லது, 'உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று ஒரு அறிவிப்பு.

*

இவ்வளவு ஆபத்தான தருணம் என்றால், 1993-லிருந்தே எல்லோரும் அலறியிருக்க வேண்டுமே? அலறவில்லை. காரணம், ஒரு நல்ல பொய்.

1980-களின் மத்தியில் காம்பாக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. அதுவரை தனி அட்டையில் இருந்த கன்ட்ரோலரை ஹார்ட் டிஸ்க்கின் முதுகிலேயே பொருத்திவிட்டார்கள். ஐடிஇ என்று பின்னால் பிரபலமானது இதுதான். அதில் ஒரு சாமர்த்தியம் என்னவென்றால், இந்தப் புது டிஸ்க், 1984-ல் ஐபிஎம் ஏடியில் இருந்த அந்தப் பழைய கன்ட்ரோலர் அட்டை மாதிரியே நடிக்கும். அதே கட்டளைகளுக்கு அதே பதில். உள்ளே எல்லாம் புதுசு. வெளியே அதே பழைய முகம். இது பிறகு ஏடிஏ என்ற பெயரில் 1994-ல் முறையான தரநிர்ணயமும் ஆனது. பெயரிலேயே பாருங்கள், அந்த பிசி ஏடி ஒளிந்திருக்கிறது.

ஆகவே, விண்டோஸிடம் ஒரே ஒரு ஐடிஇ டிரைவர் இருந்தால் போதும். எந்தக் கம்பெனி டிஸ்க்கானாலும் வேலை செய்யும். 40 மெகாபைட் டிஸ்க் 40 ஜிபி ஆனது. துபாஷி மாறவே இல்லை.

இந்தப் பொய்யைச் சொல்ல மறுத்தவர்களும் உண்டு. பெரிய சர்வர்களில் இருந்த ஸ்கஸி டிஸ்க்குகள், நான்கைந்து டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிய ரெய்டு அட்டைகள். இவற்றுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. அவர்களுக்காகத்தான் எஃப்-6. அட்டையோடு ஒரு ஃப்ளாப்பி கொடுப்பார்கள். சர்வரைப் பராமரிக்கிறவர் விவரம் தெரிந்தவர். எஃப்-6 அழுத்துவார், ஃப்ளாப்பியைச் செருகுவார், டீ குடிக்கப் போவார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிச்சயம் இருக்கும் என்று அன்றைக்கு நம்பக்கூடிய வாசல் ஃப்ளாப்பிதான். 1990-களில் இந்த ஏற்பாட்டை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

2001 அக்டோபர் 25. விண்டோஸ் எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது. அதே எஃப்-6. அதே 'ஏ' டிரைவ்.

இனிமேல் மூன்று காலண்டர்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிஸ்க்கின் காலண்டர். பட்டையாக, ரிப்பன் மாதிரி இருந்த பழைய ஐடிஇ கேபிளுக்கு வயதாகிவிட்டது. விநாடிக்கு 133 மெகாபைட்டுக்கு மேல் அதைத் தள்ள முடியவில்லை. 2003 வாக்கில் சாட்டா டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. மெல்லிய கேபிள், 150 மெகாபைட் வேகம். நல்லவேளை, ஆரம்பத்தில் இவையும் பழைய ஐடிஇ மாதிரியே நடிக்கத் தயாராக இருந்தன. ஆனால், நடித்துக்கொண்டே இருந்தால் புது வித்தைகளைக் காட்ட முடியாதே? கம்ப்யூட்டர் ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, வந்த கட்டளைகளை வசதிக்கேற்ப வரிசை மாற்றிச் செய்வது. இதற்கெல்லாம் புது பாஷை வேண்டும். 2004-ல் இன்டெல்லின் முன்முயற்சியில் அந்த பாஷைக்கு இலக்கணம் எழுதப்பட்டது. பெயர் ஏஹெச்சிஐ. எக்ஸ்பிக்கு அப்போது மூன்று வயது. பிறப்பதற்கு முன்னால் எழுதப்படாத பாஷை அதற்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, ஃப்ளாப்பியின் காலண்டர். 1998-ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் ஃப்ளாப்பியைத் தூக்கி எறிந்தது. ஊரே சிரித்தது. 2003-ல் டெல் நிறுவனம் தன் உயர்ரக டெஸ்க்டாப்களில் ஃப்ளாப்பியை இலவச இணைப்பாகக் கொடுப்பதை நிறுத்தியது. லேப்டாப்களில் அதற்குள் காணாமலே போய்க்கொண்டிருந்தது. 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்துவதாக சோனி அறிவித்தபோது, அட, இன்னுமா விற்றார்கள் என்றுதான் பலர் கேட்டார்கள்.

மூன்றாவது, விண்டோஸின் காலண்டர். எக்ஸ்பிக்கு அடுத்த சிஸ்டமான விஸ்டா, பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30-ல்தான் கிடைத்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் இடைவெளி. வந்த விஸ்டாவும் கனமாக இருந்தது. மெதுவாக நகர்ந்தது. வேண்டாம், எங்களுக்கு எக்ஸ்பியே போதும் என்று ஜனங்கள் திரும்பி நடந்தார்கள். விஸ்டாவின் உயர் பதிப்புகளை வாங்கியவர்கள் சட்டப்படியே எக்ஸ்பிக்குத் திரும்பலாம் என்று லைசென்ஸில் இடமிருந்தது.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். 2007, 2008. கையில் புது லேப்டாப். அதன் டிஸ்க் ஏஹெச்சிஐ பேசுகிறது. வேண்டியதோ எக்ஸ்பி. அதற்கு அந்த பாஷை தெரியாது. கற்றுக்கொடுக்க ஃப்ளாப்பி வேண்டும். ஃப்ளாப்பி செத்துப்போய்விட்டது. 2008-ல் எக்ஸ்பிக்கு மூன்றாவது சர்வீஸ் பேக் வந்தது. அதிலாவது சேர்த்தார்களா என்றால், இல்லை.

சர்வர் அறைக்கென்று வைத்த ஒரு பின்வாசல், வீட்டுக்கு வீடு தலைவாசல் ஆகிவிட்டது. அதுவும் சுவர் வைத்து மூடிய பிறகு.

*

இங்கேதான் இழப்புகள் ஆரம்பித்தன. அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

'ஹார்ட் டிஸ்க் இல்லை' என்று கம்ப்யூட்டரே அறிவித்தால் ஒரு சாதாரண மனிதர் என்ன நினைப்பார்? டிஸ்க் போய்விட்டது என்றுதான். ஒழுங்கான டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட நினைப்பார். புதியதும் அதே ஏஹெச்சிஐ. அதே அறிவிப்பு.

இதைவிட மோசம், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் யாராவது பயாஸுக்குள் நுழைந்து 'ஐடிஇ' என்றிருப்பதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றிவிடுவது. வேகம் கூடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருப்பார்கள். மறுமுறை ஆன் செய்தால் 7பி. உள்ளே கல்யாண போட்டோக்களும் கணக்கு வழக்கும் பத்திரமாகத்தான் இருக்கும். டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. பயாஸில் அந்த ஒரு வார்த்தையைப் பழையபடி மாற்றினால் உயிர் வந்துவிடும். இது தெரியாமல் 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்' என்ற யோசனைக்குத் தலையாட்டியவர்கள் உண்டு. போனது போனதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். முதல் வழி, பயாஸில் டிஸ்க்கைப் பழையபடி ஐடிஇயாக நடிக்கச் சொல்வது. சில லேப்டாப்களில் அந்த வசதியையே வைக்கவில்லை. இரண்டாவது, யுஎஸ்பியில் மாட்டும் ஃப்ளாப்பி டிரைவ். அதிலும் குறிப்பிட்ட சில மாடல்களை மட்டும்தான் எக்ஸ்பி மதித்தது. மூன்றாவது வழிதான் சுவாரசியம். என்லைட் போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு, எக்ஸ்பி சிடியின் பிரதிக்குள்ளேயே டிரைவரைச் செருகி, புதிதாக ஒரு சிடி எரித்துக்கொள்வது. ஒரு ஃப்ளாப்பியில் அடங்கிவிடும் ஃபைல்தான். அது உள்ளே போனதும் அத்தனை பூட்டும் திறந்துகொண்டது.

நான்காவது வழியும் ஒன்று இருந்தது. பேசாமல் விஸ்டாவையே வைத்துக்கொள்வது. விஸ்டாவுக்கு ஏஹெச்சிஐ தெரியும். தெரியாத டிஸ்க் வந்தால் டிரைவரை சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ கொடுக்கலாம். எஃப்-6 ஓய்வு பெற்றது.

இந்த இடத்தில் ஏஹெச்சிஐயைத்தான் வில்லன் என்று நீங்கள் நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் நிலைமை என்ன? பழைய ஐடிஇ வேஷத்தைக் கலைத்துவிட்டால் இன்டெல்லுக்கு ஒரு டிரைவர், வியாவுக்கு ஒன்று, என்விடியாவுக்கு ஒன்று, சிலிகான் இமேஜுக்கு ஒன்று. ஏஹெச்சிஐ செய்தது, போட்டிக் கம்பெனிகளை ஒரே இலக்கணத்துக்குக் கொண்டுவந்ததுதான். யார் செய்த சிப்பானாலும் 'நான் ஏஹெச்சிஐ ஜாதி' என்று ஒரு எண்ணைச் சொல்லும். விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஒரே டிரைவரைப் போட்டுவிடும். எக்ஸ்பியை வெளியே நிறுத்திய அதே ஏற்பாடுதான், அடுத்து வந்த விண்டோஸ்களுக்கு டிஸ்க் தலைவலியையே இல்லாமல் செய்தது.

அதாவது, இந்தப் பூட்டுக்கு இதுவரை இரண்டே சாவிகள்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, புதியது பழையதைப் போல நடிப்பது. இன்னொன்று, எல்லோரும் உட்கார்ந்து ஒரு பாஷைக்கு ஒப்புக்கொள்வது. இரண்டையும் யாராவது கைவிடும்போதெல்லாம் மறுபடி அதே நாடகம்.

மறுபடியா? ஆமாம். 2011 மார்ச்சில் என்விஎம்ஈ என்று அடுத்த பாஷை. சுழலும் தட்டுகளே இல்லாத, சிப்பாலான டிஸ்க்குகளுக்காக. 2009-ல் பிறந்த விண்டோஸ் 7-க்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்ட் பின்னால் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதையும் நிறுவும் டிஸ்க்குக்குள் நீங்களே செருகிக்கொள்ள வேண்டும். 2015-ல் வந்த இன்டெல்லின் ஆறாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களில் இன்னும் வேடிக்கை. விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3.0 தெரியாது. ஆகவே, பென் டிரைவிலிருந்து நிறுவ ஆரம்பித்தால், பாதியில் அந்தப் பென் டிரைவையே காணோம் என்று சொல்லும். இந்த முறை, பெட்டியை வைத்திருந்த அறையையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

2020-ல் வெளிவந்த இன்டெல்லின் பதினோராம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில், டிஸ்க்குக்கு முன்னால் விஎம்டி என்று ஒரு திரை. விண்டோஸைப் புதிதாக நிறுவப் போனவர்களுக்கு டிஸ்க் பட்டியல் காலியாக வந்தது. அப்படி ஒரு காலிப் பட்டியல் உங்களுக்கு வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் சாகவில்லை, துபாஷிதான் வரவில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பென் டிரைவில் பிரித்து வைத்து, அதே திரையில் இருக்கும் 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்துங்கள். எஃப்-6-இன் பேரன் அது. முக்கியமாக, இதைச் செய்து பார்க்காமல் ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்.

*

இதெல்லாம் யார் தப்பு? டிஸ்க்கை வளராதே என்று சொல்ல முடியாது. 2001-ல் எழுதியவர்கள் 2004-ஐ ஜோசியம் பார்த்திருக்க முடியாது. ஆனால், ஒரு பழைய சிஸ்டத்துக்குப் புது டிரைவர் எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அது ஒரு வியாபார முடிவு. 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை வெளிப்படையாகவே சொன்னது. இனி வரும் புதுத் தலைமுறை பிராசஸர்களுக்கு அப்போதைய புது விண்டோஸில் மட்டும்தான் ஆதரவு.

வீட்டில் படம் பார்க்கிறவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. ஆனால், பழைய விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு சாஃப்ட்வேரில் பதினைந்து வருட வரவு செலவை வைத்திருக்கும் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பியோடு மட்டும் பேசத் தெரிந்த ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்திருக்கும் பட்டறைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறது. சிடி இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. கம்ப்யூட்டர் பழுதானால் அதே சிஸ்டத்தை ஏற்றிக்கொள்ள ஒரு மெஷின்தான் கிடைக்காது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் நின்றது என்று வரலாறு எழுதும். நடைமுறையில் அதன் ஆயுளைத் தீர்மானித்தது, யாரோ எழுதிக் கொடுக்காமல் விட்ட சில நூறு கிலோபைட் ஃபைல்.

அப்படியானால், அந்தப் பழைய சிஸ்டங்கள் எல்லாம் அழிந்தேவிட்டனவா? இல்லை. அவற்றைக் காப்பாற்றியது அந்த முதல் சாவிதான். நல்ல பொய்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அவற்றில் பரவலாகப் புழங்கும் க்யூஈம்யூ, பழைய சிஸ்டம் ஒன்றை ஓட்டச் சொன்னால், 1996-ல் இன்டெல் வெளியிட்ட ஒரு தாய்ப்பலகை சிப்செட்டை வேஷம் கட்டி நிற்கும். அதில் அந்தக் காலத்து ஐடிஇ கன்ட்ரோலரும் உண்டு. உண்மையில் கீழே இருப்பது இந்த வருடத்து என்விஎம்ஈ டிஸ்க்காக இருக்கலாம். எக்ஸ்பிக்கு அது தெரிய வேண்டியதில்லை. அது தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்கிறது. பதிலும் அதே பாஷையில் வருகிறது.

ஃப்ளாப்பி கேட்பதில்லை. எஃப்-6 அழுத்த வேண்டியதும் இல்லை. நல்ல நீலம் வருகிறது, ஃபைல் பெயர்கள் ஓடுகின்றன, 'விண்டோஸ் தொடங்குகிறது' என்ற அந்த வரி வருகிறது. அடுத்த திரையில், ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.